நாவலில் விழுந்தவர், டிவியில் தள்ளப்பட்டவர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துப்பறியும் நாவல் படிக்க உட்கார்ந்தால் கையில் பென்சில் வேண்டும். எழுதியவர் எங்கே சறுக்குகிறார் என்று பார்த்துக்கொண்டே போவேன். சறுக்கினால் ஓரத்தில் எழுதிவைப்பேன். 'மலையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், இவன் எப்படி முகத்தைப் பார்த்தான்?' 'செத்தவனின் செருப்பு எங்கே போயிற்று?' 'இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கும் முட்டாள் யார்?' புத்தகம் என் சொந்தமாக இருந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் அது வாயனசாலைப் புத்தகமாக இருக்கும். நூலகத்தை எங்கள் பக்கம் மலையாள வழக்கப்படி அப்படித்தான் சொல்வோம். சாயங்காலம் அதைத் திறந்து பூட்டும் பொறுப்பும் என்னிடமே இருப்பதால் கேட்க ஆளில்லை.

பகலில் எனக்கு டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை. வீடு தேவிகுளத்துக்குக் கீழே, எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். என் வீட்டுக்காரர் புத்தகம் பக்கமே போகமாட்டார். "கொலை ஒண்ணு விழாம ஒனக்கு சோறு எறங்காதே" என்று அவர் கேலி செய்வது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும் படித்த புண்ணியத்தில் எனக்கு இரண்டு மொழியிலும் கொலைகள் கிடைத்தன.

சில வருஷங்களாக, நான் படித்த நாவல்களை ஒவ்வொன்றாக டிவித் தொடராக எடுக்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு தனிச் சுகம். சுகம் என்கிறேனே தவிர, பாதி நேரம் எரிச்சல்தான். நாவலில் இன்ஸ்பெக்டர் நான்கு பக்கம் யோசிப்பார். டிவியில் யோசனையைப் படம் பிடிக்க முடியாதே, அதனால் அவர் ஜன்னல் பக்கம் போய் நிற்பார். பின்னால் வயலின் அழும். நாவலில் முப்பதாவது பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போகிற ஆள்தான் கொலைகாரன் என்றால் கடைசிவரை நமக்குத் தெரியாது. டிவியில் அந்த டீயைக் கொண்டுவருகிறவர் நாலு படத்தில் நடித்த முகமாக இருந்தால், "இம்புட்டுப் பெரிய ஆளு சும்மா டீ குடுக்கவா வந்தாக?" என்று எங்கள் லயத்துப் பெண்கள் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. புத்தகம் சந்தேகத்தோடு முடியலாம். படித்தவர் அதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டு கிடந்தால் எழுதியவருக்குச் சந்தோஷம். டிவிக்கு அப்படி விட மனம் வராது. எட்டு வாரம் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் 'தெரியவில்லை' என்றால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்று பயம். யாராவது ஒருவர் செய்திருந்தே ஆக வேண்டும். இதை எத்தனையோ பேரிடம் நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நான் சொல்லவந்த நாவலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதியவர் மலையாளி; எங்கள் தாலுகாவில் சில வருஷம் அரசு வேலை பார்த்துவிட்டு மாற்றலாகிப் போனவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன் எங்கள் எஸ்டேட்டில் நடந்த ஒரு சாவை அவர் அதில் வைத்திருந்தார். என் அடுத்த வீட்டுச் சாவு அது. ஓடைக்கு மேலே உள்ள சின்னப் பாலத்துக்குக் கீழே, பாறைமேல், தலையில் அடிபட்டு ஒருவர் கிடந்தார். குடிப்பவர், குடித்தால் மனைவியை அடிப்பவர். அந்த மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை. அதற்குக் குறைந்தவளும் இல்லை. அப்போது அவளுக்கு நாலு வயதில் ஒரு மகன்.

போலீஸ் வந்தது. காலையில் அவர் உயிரோடு நடமாடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அடி வாங்கிய மனைவிமேல்தான் முதல் கண். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று சூப்பர்வைசர் பதியும் புத்தகத்தில், அன்றைக்கு அக்கா பெயருக்கு நேரே வந்ததாகக் குறி இருந்தது. காலையிலிருந்து மலையில் பதின்மூன்று பெண்களோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் எப்படிப் பாலத்துக்குப் போவாள்? குடித்துவிட்டுக் கால் இடறி விழுந்தார் என்று எழுதி முடித்துக்கொண்டார்கள்.

நாவலாசிரியர் இதையெல்லாம் ஏலப்பாறைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தார். ஊர் வேறு, ஓடை வேறு. மனைவியைப் பற்றிப் பத்து வரிக்கு மேல் இல்லை. கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, ஒன்றும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் செக்ரோலைப் பார்த்துவிட்டு மூடுகிறார். பிறகு பாலத்துக்குப் போய், வழுக்குகிறதா என்று பூட்ஸ் காலால் ஒரு தடவை தேய்த்துப் பார்க்கிறார். அவ்வளவுதான் நாவல். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அக்காவை ஒரு பெரிய மனிதர் அச்சில் விடுதலை செய்துவிட்டார் என்று தோன்றியது.

ஆனால் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்து ஓரத்தில் நான் எழுதியது வேறு. 'ஐயோ பாவம், செக்ரோலை நம்பிவிட்டாரே!'

ஏனென்றால் அன்றைக்கு மலைக்குப் போனது அக்கா இல்லை. நான்.

எஸ்டேட்டில் வேலை செய்யாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்களுக்கு வேலை இருந்தால்தான் வீடு. ரொம்ப நாள் வராமல் போனால் பெயர் வெட்டுப்பட்டுவிடும், பெயர் போனால் லயத்து வீடும் போகும் என்ற பயம் எங்களோடு கூடவே பிறந்தது. அதனால் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால், அவள் தங்கச்சியோ மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ அவள் பெயரில் மலைக்குப் போவாள். காலையில் சூப்பர்வைசர் பெயர் கூப்பிடும்போது அவளுக்காக 'இருக்கேன்' என்பாள். சூப்பர்வைசருக்குத் தெரியும். கூட நிற்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் முதலில் வேலை போவது சூப்பர்வைசருக்குத்தான். நாளைக்குத் தனக்கே காய்ச்சல் வரலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது இருபது வயது. வேலை பதியவில்லை, யார் பெயருக்காவது போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு விடிகிற நேரத்தில் அக்கா வந்து, "ஏ புள்ள, இன்னைக்கு என் பேருல நீ போயிரு" என்றாள். ராத்திரி அவள் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரவில்லை. அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள். செடி கிழிக்காமல் இருக்கக் கொழுந்தெடுப்பவர்கள் கட்டும் முரட்டுத் துணியான படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் போனேன். மத்தியானம், பாலத்துக்குக் கீழே ஆள் கிடக்கிறார் என்று ஓடிவந்து சொன்னார்கள். அக்கா எங்கே என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "கொழுந்து நிறுக்கப் போயிருக்கா" என்றார். நான் லயத்துக்கு ஓடினேன். சற்று நேரத்தில் அக்கா ரோட்டுப் பக்கமிருந்து இறங்கிவந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் வீட்டுக்குள் போய், நல்ல சேலையை அவிழ்த்துப் போட்டு, என் இடுப்பில் இருந்த படங்கை வாங்கிக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பாலத்துக்கு ஓடினாள்.

அது என் மனசில் முள்ளாகத் தைத்தது. புருஷன் செத்துக் கிடக்கிறான் என்று கேட்டவளுக்குச் சேலை மாற்ற வேண்டும் என்று எப்படித் தோன்றும்? வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அக்காமேல் எனக்கு அவ்வளவு விசுவாசம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவளோடு சேர்ந்து அழுதேன், அவள் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன், பதினைந்து வருஷம் ஒரே சட்டியில் குழம்பு வைத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். எங்கே போனாய் என்ற ஒரு கேள்வியை மட்டும் வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். துப்பறியும் நாவல் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகுதான் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

போன வருஷம் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஏலப்பாறையில் நடக்கிற கதையை எங்கள் பக்கம் எடுக்கப் போகிறார்களாம்; இங்கே மலை நன்றாகப் பச்சையாக இருக்கிறது, தங்க ஹோட்டலும் இருக்கிறது என்றார்கள். கதை பிறந்த இடத்துக்கே கதையைத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொச்சியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், தொடரின் கதையை எழுதுகிறவர்களில் ஒருத்தி, வாயனசாலையில் அந்த நாவலைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"சேச்சி, இது ஆரு எழுதினது? செக்ரோலை ஏன் நம்பக் கூடாது?"

இருபத்தைந்து வருஷமாகப் படிக்கிறேன். நான் என்ன நினைக்கிறேன் என்று அதுவரை ஒருவர் கேட்டதில்லை. அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தலை கனத்துவிட்டது. பருப்பு வடையும் டீயும் வரவழைத்தேன். ஒருத்தி பெயரில் இன்னொருத்தி போகிற வழக்கத்தை ஒன்று விடாமல் சொன்னேன். எங்கள் தோட்டம், அந்த நாள், அக்கா, எதையும் சொல்லவில்லை. வழக்கத்தை மட்டும்தான் சொன்னேன். "எழுதினவருக்கு இது தெரியாது" என்று பெருமையாக வேறு சொன்னேன். அவருக்கு மேல் ஒரு படி ஏறி நின்றுவிட்ட மகிழ்ச்சி எனக்கு. இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

படப்பிடிப்பு நடந்தது. கொழுந்து எடுக்கிற காட்சிக்கு எங்கள் பெண்களையே கூப்பிட்டார்கள். எங்கள் ஓடை, எங்கள் பாலம். விதவையாக நடித்த பெண் இரண்டு நாள் எங்கள் லயத்தில் உட்கார்ந்து பெண்கள் நடப்பதையும் தலையில் துண்டு கட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எப்போதும் துண்டின் ஒரு முனையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வாள். அந்தப் பெண்ணும் அப்படியே செருகினாள். அக்காவே அதைப் பார்த்துச் சிரித்தாள்.

தொடர் ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. வாயனசாலை டிவியில்தான் எல்லோரும் பார்த்தோம். முதல் இரண்டு வாரம் யாரும் கதையைப் பார்க்கவில்லை. அவரவர் முதுகைத் தேடினோம். "அந்தா, பச்சைப் படங்கு, அது நாந்தான்" என்று ஒரே கூச்சல். மூன்றாவது வாரம் கூச்சல் குறைந்தது. நாவலில் முகமில்லாதவளுக்கு டிவியில் முகம் கிடைத்திருந்தது. அது அக்காவின் முகம் இல்லைதான். ஆனால் நடை அவளுடையது, துண்டு அவளுடையது, பாலம் அவள் புருஷன் செத்த பாலம். நாவலில் ஒரே ஒரு வரியில் வந்த அடியை டிவியில் ஐந்து நிமிஷம் காட்டினார்கள். அக்கா எழுந்து போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வாரம். டிவி இன்ஸ்பெக்டர் செக்ரோலை மூடவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார். வயலின் அழுதது. திரும்பி, மலையில் ஒருத்தி பெயரில் இன்னொருத்தி வேலைக்குப் போவாளாமே என்று கேட்டார். நான் சொன்ன வார்த்தைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். பிறகு பாலம். புருஷன் தள்ளாடி வருகிறான். பின்னாலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீள்கிறது. மெதுவாக, மிக மெதுவாக அந்தக் கையைக் காட்டினார்கள்.

அன்றைக்கு மலையில் இருந்த பெண்களில் ஆறு பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஆறு பேரும் டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்கள். அக்கா திரும்பவில்லை. வாசலில் அவள் மகன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இப்போது முப்பது வயது, மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். அவன் அந்த ஆறு பேரையும் பார்த்தான், பிறகு அவர்கள் பார்த்த இடத்தை, அதாவது என்னை, பார்த்தான். நாவலில் ஒரு எழுத்தாளர் பத்துப் பக்கம் செலவழித்துச் செய்வதை அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் செய்து முடித்துவிட்டார்கள்.

எங்கள் லயத்தில் யாரும் அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. மலைக்குப் போகும்போது அவள் பக்கத்து வரிசை மட்டும் காலியாகத் தொடங்கியது. சுற்றுலா வந்தவர்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஜீப் டிரைவர்கள் அதற்குக் 'கொலைப்பாலம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அக்காவின் மகன் வண்டியிலேயே ஏறி, அந்த இடத்துக்குப் போகலாம் என்று கேட்டவர்களும் உண்டு. அவன் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான் என்று இன்னொரு டிரைவர் சொன்னான். 

பத்து நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு என் வேலை முடிகிற நேரம், ஃபேக்டரி கேட்டில் அக்கா மகனின் ஜீப் நின்றது.

"ஏறுங்க சித்தி" என்றான். கொஞ்ச தூரம் போய் வளைவில் ஓரங்கட்டினான். வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே அவன் தாய்மாமன் படம் இருக்கும். மாமன் மறையூரில் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சியவர். தகப்பன் போன பிறகு இவனைப் படிக்கவைத்தது, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தது எல்லாம் அவர்தான். இரண்டு வருஷம் முன்பு அவர் இறந்தபோது இவன்தான் மொட்டை போட்டுக் கொள்ளிவைத்தான்.

"அன்னைக்கு எங்கம்மா பேருல போனது நீங்களா?"

செக்ரோலில் இருக்கிறதே என்று சொல்லியிருக்கலாம். அது போலீஸே நம்பிய பதில். ஆனால் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"ஆமாய்யா. நாந்தான் போனேன்."

"அப்ப அம்மா எங்க?"

"தெரியாது."

"நீங்க கேக்கலையா?"

"இல்ல."

"இருவத்தாறு வருசமாவா? ஏன் சித்தி?"

  விசுவாசம் என்று இத்தனை காலம் நான் பேர் வைத்திருந்த சந்தேகத்தை அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். அதில் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது போலிருக்கிறது. வண்டியைக் கிளப்பி என்னை லயத்தில் இறக்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் தங்குவது குறைந்தது. மூணாறில் ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பேச்சு அடிபட்டது. அவன் ஒருவன்தான் அக்காவுக்கு. அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் சுவரும்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் போனேன். அக்கா பின்பக்கக் குழாயடியில் மத்தி மீன் அலசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மகன் சாப்பிட வருகிறேன் என்று சொல்லியிருந்தானாம். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அவன்ட்ட சொல்லிட்டியாமே" என்றாள், தலை நிமிராமல்.

"பொய் சொல்ல வரலக்கா. அதுமட்டுமில்ல, அந்த டிவிக்காரப் பொண்ணுட்ட பேரு மாத்திப் போறதச் சொன்னதும் நாந்தான். என் வாயால வந்த வினை இது."

"அது தெரியும். இங்க வேற யாரு அம்புட்டுப் பேசுதா?"

அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டேன். "அன்னைக்கு எங்கக்கா போயிருந்த?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மறையூருக்கு. எங்கண்ணங்கிட்ட" என்றாள்.

அடி பொறுக்க முடியாமல், தன்னையும் பிள்ளையையும் வைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் கேட்கப் போயிருக்கிறாள். ஆலையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பாகு முத்திவிடும், பிறகு பேசுவோம் என்று அண்ணன் கொப்பரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் நின்றாள். பாகை இறக்கி முடித்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கும்படி, "புருசன்னா அப்படித்தான் இருப்பான், போயிப் பொழைக்கிற வழியப் பாரு" என்று சொல்லி, லயத்தில் விட்டுவந்த பிள்ளைக்கென்று இரண்டு உருண்டை வெல்லத்தை அவள் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டிருக்கிறான்.

"வந்து எறங்குனா நீ இழவு சொல்லுத. அந்தக் கருமாதியில எல்லார் முன்னாலயும் ஒம் மவன நான் வளக்கேன்னு சொன்னான் எங்கண்ணன். வளக்கவும் செஞ்சான். சாகுற மட்டும் எம் மொகத்த நேராப் பாக்கல."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே, என்னையும் மீறி, மனசுக்குள் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலை முதல் பஸ் மூணாறு, அங்கிருந்து மறையூர் வண்டி, ஒரு மணி நேரம் ஆலை, திரும்பி வர இவ்வளவு. இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. எத்தனையோ நாவல்களில் எத்தனையோ பேர் சொன்னதைக் கணக்குப் பார்த்த புத்தி தானாகப் பார்த்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, நேரம் சரியா வருதா?" என்றாள்.

செத்துப்போகலாம் போல இருந்தது. சரியாகத்தான் வந்தது. அப்படியும் ஒன்று மிச்சம் இருந்தது. இனி மறைத்து என்ன என்று அதையும் கேட்டேன். "சேலைய எதுக்குக்கா மாத்துன?"

"நல்ல சேலையோட போயி போலீஸ் முன்னால நின்னா நான் மலைக்கு வரலன்னு ஆயிராதா? சூப்பர்வைசருக்கு வேலை போவும். என் பேருல போனது யாருன்னு ஒன்னையப் புடிப்பாக. கலியாணம் ஆவாத புள்ள, வேலையும் பதியல. ஒன்னைய நெனச்சுத்தான் மாத்துனேன்."

நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. மீனை எடுத்து மறுபடி அலசினாள். அழுது ஓய்ந்தபின், இதை மகனிடம் சொல்லச் சொன்னேன். இன்றைக்கே சொல் என்றேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"நீ பேசுனதெல்லாம் போதும். வாயத் தொறக்காத. அவன் மாமன சாமியா வச்சிருக்கான். வெரட்டி விட்டவன்னு தெரிஞ்சா அவனுக்கு யாரு இருக்கா? செத்தவன எதுத்து ஒரு கேள்வி கேக்க முடியுமா அவனால?"

"அதுக்காக, ஒன்னைய கொலகாரின்னு நெனச்சுக்கிட்டா இருப்பான்?"

"நெனச்சா நெனைக்கட்டும். வந்து சோறு திம்பான், போவான். மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு எங்கூட இருக்க முடியாதா என்ன? நீ இருக்கலியா?"

 மேலே ரோட்டில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு, மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.